அம்மாவின் நித்திரை பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரி என்னை விடவில்லை. "அம்மாவுக்கு இது சண்டையால் வந்ததா, வயசால் வந்ததா?" என்று கேட்டிருந்தாய். 47 வயதில் அவ இரவு இரண்டு மணிக்கு வேர்த்து ஊத்த எழும்பி இருக்கிறா; நெஞ்சு படபடக்கிறது, நாரி உளைகிறது, சின்னக் கதைக்கும் எரிந்து விழுகிறா. பக்கத்து வீட்டு மாமி, "முள்ளிவாய்க்காலில் பட்டது சும்மா விடுமே" என்கிறா. மருந்துக்குக் காட்டிய இடத்தில், "நிக்கிற வயசு, அப்பிடித்தான்" என்று பனடோலோடு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பதிலிலும் பாதி உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அம்மாவை வைத்தியமில்லாமல் வீட்டுக்கு அனுப்புகின்றன. அதுதான் எனக்குக் கோபம்.

தாதியர் பயிற்சியில் இருக்கிற உனக்குச் சூலகமும் ஓமோனும் நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வை: மாதவிடாய் நிற்பதற்கு முந்திய வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை, ஏறியும் விழுந்தும் தடுமாறும். அதனால் 45 வயது கடந்தவரில் ஒருநாள் எடுத்த ஓமோன் அளவை வைத்து முடிவு கட்டாமல், அறிகுறிகளைக் கேட்டே தீர்மானிக்கச் சொல்கிறது பிரித்தானியாவின் நைஸ் வழிகாட்டி (2015). கேட்பதற்கு நேரம் வேண்டும். ஐந்து நிமிடமாவது கேள்.

இனி அந்த வேர்வை. எங்கட பக்கத்தில் அதற்கு "உடம்புச் சூடு" என்று எண்ணெய் முழுக்கும் இளநீரும் சொல்வார்கள். பங்குனி சித்திரை என்றால் வெயிலில் பழிபோடுவார்கள். ஆனால் காரணம் மூளைக்குள் இருக்கிறது. 1990 இல் நேயோமி ரான்ஸ் என்ற அமெரிக்க நரம்பு நோயியலாளர், இறந்த பெண்களின் மூளைகளை ஆராய்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார். மாதவிடாய் நின்ற பெண்களின் ஐப்போதலமஸ் என்ற மூளைப் பகுதியில் ஒரு கூட்டம் நரம்புக் கலங்கள் பருத்துக் கிடந்தன. அவை நியூரோகைனின் பி என்ற பொருளைச் சுரப்பவை என்பது அடுத்த வருடம் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜனின் அடக்கம் தளர்ந்ததும் இந்தக் கலங்கள் மிதமிஞ்சி இயங்கி, உடல் வெப்பத்தைக் காக்கும் பகுதியைக் குழப்புகின்றன. வெப்பம் இம்மியளவு கூடினாலும் பெரும் சூட்டுக்கு நடப்பதுபோல் தோல் சிவந்து வேர்த்துக் கொட்டுகிறது. அந்தச் சுரப்பு செயற்படும் இடத்தையே தடுக்கிற ஃபெசோலினெடன்ட் என்ற குளிசைக்கு 2023 மே மாதத்தில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நுணுக்குக்காட்டியில் கண்ட ஒரு பருத்த கலம் குளிசையாக வந்து சேர 33 வருடம்! எத்தனை தரம் வாசித்தாலும் இந்தக் கதை எனக்கு அலுக்கவில்லை. அம்மாவின் வேர்வை கற்பனையல்ல என்று யாருக்காவது நிரூபிக்க வேண்டி வந்தால், இதைச் சொல்லு.

சண்டையை நான் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் வெளியிட்ட 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்ற நூலை வாசித்த பிறகு, வன்னியில் எந்த வருத்தத்தையும் போரிலிருந்து முற்றாகப் பிரித்துப் பார்க்க என்னால் முடிவதில்லை. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாத்தளனிலும் வட்டுவாகலிலும் நடந்து, செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்ற இளம் தாய்மார்தான் இன்று இந்த வயதில் இருக்கிறார்கள். என் துணிபு இது: வேர்வை நித்திரையைக் குலைக்கிறது, குலைந்த நித்திரையில் பழைய நினைவு எழும்புகிறது, விடிந்ததும் எரிச்சலும் அழுகையும். ஆகவே முதலில் நித்திரையை மீட்டுக் கொடு. பகல் நித்திரையைக் குறை, பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். நித்திரைக்கென்றே உள்ள உளவளச் சிகிச்சை இந்த வயதிலும் பலன் தருகிறது. பயங்கரக் கனவோ, சாகலாம் போன்ற எண்ணமோ இருந்தால் மனநலப் பிரிவுக்குத் தாமதிக்காமல் கூட்டிப் போ.

ஆனால் படபடப்பை நேரே மனதின் கணக்கில் எழுதிவிடாதே. ஈமோகுளோபின், தைரொயிட், சீனி, பிரசர் நாலையும் பார்க்க வேண்டும். இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும். மணித்தியாலத்துக்கொரு பாட் நனையுமளவு இரத்தம் போகிற பெண்ணிடம், "கெட்ட இரத்தம், போகட்டும்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கெட்ட இரத்தம் என்று ஒன்று இல்லை, பிள்ளை! போவது அவளுடைய இரும்புச்சத்து. பெருக்கைக் குறைக்க டிரனெக்சாமிக் அமிலம் உண்டு, கருப்பைக்குள் வைக்கும் ஓமோன் வளையம் உண்டு. கருப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் சொல்லும். உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, ஒரு வருடம் நின்றபின் ஒரு துளி கண்டாலோ புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தே ஆக வேண்டும்.

ஓமோன் சிகிச்சை என்றதும் "புற்றுநோய் வரும்" என்பவர்கள் அரைகுறையாய்க் கேட்டது 2002 இல் இடைநிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வை. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. கூட்டு ஓமோன் எடுத்தவர்களில் மார்புப் புற்று, வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேலதிகமாக வந்தது. அந்த அபாயத்தை மறைக்கக் கூடாது. 47 வயதுக்காரியின் நன்மை தீமை அதே கணக்கல்ல என்பதையும் மறைக்கக் கூடாது. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரொஜெஸ்டரோனும் சேர வேண்டும். மார்புப் புற்றோ இரத்தக்கட்டியோ வந்தவருக்கு வேறு வழி தேட வேண்டும். முடிவு நிபுணரும் அம்மாவும் சேர்ந்து எடுப்பது.

எங்கே போவது? 1996 முதல் எங்கட நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு பிரசர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை எல்லாம் இலவசம். அங்கிருந்து கிளிநொச்சி, வவுனியா, மாஞ்சோலை வைத்தியசாலைகளின் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம். "புருசன் இல்லாதவளுக்கு அங்க என்ன வேலை" என்று எங்கட ஊரில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனை கைம்பெண்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவிமார் வீட்டோடு இருக்கிறார்கள்! அப்படிக் கேட்பவர்களின் வாயை அடைக்கவேண்டியது படித்த உன்னைப்போன்ற பிள்ளைகள்.

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் அடுத்த கிளினிக் நாளை விசாரி. கடைசி ஆறு மாதத் தீட்டுத் திகதிகளையும், வேர்த்து எழும்பிய இரவுகளையும் ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு அம்மாவோடு நீயே போ. "வயசுதான்" என்று யாரும் சொன்னால், "ஓம், அதற்கு என்ன வைத்தியம்?" என்று கேள்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியை