உப்பும் கழலையும்: காங்ரா பள்ளத்தாக்கு கற்பிக்கும் பாடம்

உணவின் வழி வரும் நோய்களை இருவகையாகப் பிரிக்கலாம். வேண்டாதது மிகுதலால் வருவன ஒருவகை. வேண்டியது குறைதலால் வருவன மற்றொரு வகை. இரண்டாம் வகையைச் சேர்ந்த நோய்கள் பெரும்பாலும் ஓசையின்றி வருகின்றன. வயிறு நிறைய உண்பவனுக்கும் அவை வரலாம். ஆதலால் அவற்றுக்கு உணவே காரணம் என்று எளிதில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. முன்கழுத்துக் கழலை என்னும் நோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் காரணத்தையும் தடுக்கும் முறையையும், களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடியவற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

சுரப்பியும் அயோடினும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் விரிந்த சிறகுகளைப் போன்ற வடிவில் தைராய்டு சுரப்பி அமைந்துள்ளது. இது தைராக்ஸின் என்னும் பொருளைச் சுரந்து குருதியில் கலக்கிறது. உடலின் வெப்பம், வளர்ச்சி, மூளையின் ஆக்கம் ஆகியவை இப்பொருளைச் சார்ந்திருக்கின்றன. தைராக்ஸினின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அயோடின் ஆகும். அயோடின் கிடைக்காவிடில் சுரப்பி தன் பணியைச் செய்ய இயலாது.

நமக்குத் தேவையான அயோடினின் அளவோ மிகச் சிறிது. வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும்; கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதனினும் கூடுதலாக வேண்டும். 70 ஆண்டு வாழ்பவருக்கு, வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் 4 கிராமுக்கு மேற்படாது. ஆனால் அந்த 4 கிராமையும் ஒரே நாளில் உட்கொண்டு சேமித்துவைக்க உடலால் முடியாது. நாள்தோறும் சிறிது சிறிதாகவே அது வந்து சேர வேண்டும்.

குருதியில் தைராக்ஸின் குறையும்போது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைத் தூண்டுகிறது. மூலப்பொருள் இல்லாத நிலையில் மேன்மேலும் தூண்டப்படும் சுரப்பி பருக்கத் தொடங்குகிறது. இப்பருமனே கழலையாக வெளியே தெரிகிறது.

மண்ணில் குறைந்தால் உணவிலும் குறையும்

அயோடின் எளிதில் நீரில் கரைந்து செல்வது. பனிப்பாறைகள் உருகி ஓடிய மலைச்சரிவுகளிலும், பெருமழையும் வெள்ளமும் மேல்மண்ணை அரித்துச் சென்ற சமவெளிகளிலும் அது நிலத்தைவிட்டு நீங்கிக் கடலை அடைகிறது. அயோடின் அற்ற மண்ணில் விளையும் நெல்லிலும் கோதுமையிலும் காய்கறியிலும் அயோடின் இராது. அவ்விடத்துப் புல்லை மேயும் பசுவின் பாலிலும் இராது. எனவே, அந்நிலத்தின் விளைச்சலையே நம்பி வாழும் மக்கள் எவ்வளவு உண்டாலும் இக்குறை தீராது. இமயமலையின் அடிவாரம் முழுவதும் கழலை நெடுங்காலமாகப் பரவியிருந்தமைக்கு இதுவே தலையாய காரணம்.

முட்டைக்கோசு, மரவள்ளி முதலியவற்றில் சுரப்பியின் வேலைக்கு இடையூறு செய்யும் பொருள்கள் சில உண்டு. அயோடின் போதிய அளவு கிடைக்குமிடத்து இவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை. குறைவாக உள்ள இடத்தில் இவை குறையை மிகுவிக்கும்.

ஐயத்தைத் தீர்த்த ஆய்வு

அயோடினைக் கடற்பாசியின் சாம்பலிலிருந்து 1811-இல் பிரெஞ்சு நாட்டுக் கூர்த்துவா கண்டறிந்தார். 1922-இல் சுவிட்சர்லாந்தில் அயோடின் சேர்த்த உப்பு வழக்கிற்கு வந்தது. இருப்பினும், நம் நாட்டில் கழலையின் காரணம் குறித்துக் கருத்து வேற்றுமை நிலவியது. பிற்காலத்தில் குன்னூரில் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்த இராபர்ட் மக்காரிசன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் பகுதியில் இந்நோயை ஆராய்ந்தார். மாசடைந்த குடிநீரே இதற்குக் காரணம் என்னும் கருத்தை அவர் வலியுறுத்தினார். நீரைத் தூய்மை செய்வதா, உப்பில் அயோடினைச் சேர்ப்பதா என்னும் வினாவிற்கு ஐயமற்ற விடை தேவைப்பட்டது.

அவ்விடையைக் காங்ரா பள்ளத்தாக்கு அளித்தது. இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள இப்பள்ளத்தாக்கு அக்காலத்தில் பஞ்சாபைச் சேர்ந்திருந்தது. 1956-இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய துணைவர்களும் சுமார் ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்று வட்டங்களாகப் பிரித்துக்கொண்டனர். ஒரு வட்டத்திற்குப் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த உப்பும், மற்றொன்றிற்குப் பொட்டாசியம் அயோடேட்டு சேர்த்த உப்பும், எஞ்சியதற்கு ஒன்றும் சேர்க்காத உப்பும் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் மூன்றிலும் நோயின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது; நூற்றுக்குச் சுமார் 38 பேருக்குக் கழலை காணப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1962-இல் மீண்டும் கழுத்துகள் சோதிக்கப்பட்டன. அயோடின் பெற்ற இரு வட்டங்களிலும் நோய் பாதியளவிற்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருந்தது. வெறும் உப்பை உண்ட வட்டத்தில் நோய் குறையவேயில்லை. மண்ணும் நீரும் உணவும் முன்போலவே இருக்க, உப்பு ஒன்றே மாறியிருந்தமையால் காரணம் ஐயமின்றி விளங்கியது. அதன்பின் மூன்றாம் வட்டத்திற்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. அங்கும் நோய் குறைந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பகுதி இல்லாவிடில், நோய் குறைந்தமைக்கு உப்பு காரணமா, காலப்போக்கில் நிகழ்ந்த வேறு மாற்றம் காரணமா என்று அறிய இயலாது. ஆய்வு முறையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மூன்றாம் வட்டத்தின் பயனை மாணவருக்கு எடுத்துக்காட்டலாம்.

கழலையினும் கொடிய கேடு

வீக்கம் கண்ணுக்குத் தெரிவது. அதனினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது. கருவிலுள்ள குழந்தையின் மூளை தாயிடமிருந்து பெறும் தைராக்ஸினை நம்பியிருக்கிறது. தாயின் உணவில் அயோடின் மிகவும் குறைந்தால் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறத்தலும் நேரலாம். பிழைத்துப் பிறக்கும் குழந்தை செவிடாகவும் ஊமையாகவும், குன்றிய உடலும் மந்த அறிவும் உடையதாகவும் இருக்கக்கூடும். பிறந்த பின்னர் அயோடின் அளித்து இக்கேட்டை மாற்ற இயலாது. காப்பதற்குரிய காலம் கருவுறுவதற்கு முன்பும் கருவுற்றிருக்கும்போதுமே ஆகும்.

குறை சிறிதாயினும் பிள்ளைகளின் கற்கும் ஆற்றல் குன்றும். சோம்பேறி என்றும் மந்தபுத்தி என்றும் வகுப்பில் ஏசப்படும் பிள்ளைகளுள் சிலர், தாயின் உணவில் குறைந்த ஒரு பொருளின் பயனை அனுபவிப்பவராக இருக்கலாம். இதனை ஆசிரியர் நினைவிற்கொள்வது நலம்.

நெடுங்காலம் இருந்துவிட்ட கழலையில் கட்டிகள் தோன்றிவிடும். அந்நிலையில் அயோடின் உப்பினால் அது கரைவதில்லை; மருத்துவரிடம் அனுப்புதலே முறை.

நாடு தழுவிய ஏற்பாடு

1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. மலையடிவாரத்து நோய் என்று முதலில் கருதப்பட்ட இது, பின்னர் நடந்த அளவாய்வுகளில் சமவெளிகளிலும் கடற்கரை மாவட்டங்களிலும்கூடக் காணப்பட்டது. 1992-இல் திட்டத்தின் பெயர் அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் குறிக்கும் வகையில் மாற்றப்பட்டது. அயோடின் சேர்க்காத உப்பை மக்கள் நேரடியாக உண்பதற்கென விற்பதற்கு 2006 மே 17 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

உப்பைத் தேர்ந்ததற்குக் காரணம் எளியது. செல்வரும் வறியரும் அதனை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்கின்றனர், செலவும் சிறிது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அயோடைடு விரைவில் வீணாவதால், நிலைத்து நிற்கும் அயோடேட்டே உப்பில் சேர்க்கப்படுகிறது.

உப்பைக் குறைக்கச் சொல்வது முரணாகாதா?

இக்கேள்வி ஊர்க்கூட்டங்களில் எழுவது இயல்பு. மிகுதியான உப்பு குருதி அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர் அழுத்தத்தினால் பக்கவாதமும் இதய நோயும் சிறுநீரக நோயும் விளைகின்றன. ஆகவே நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. கழலைக்கு அஞ்சி உப்பைக் கூட்டுதல் பெரும் பிழை. கணக்கைப் பாருங்கள்: ஒரு கிராமில் 15 மைக்ரோகிராம் அயோடின் உள்ள உப்பை 10 கிராம் உண்டால் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். ஒரு கிராமில் 30 மைக்ரோகிராம் இருப்பின் 5 கிராமிலேயே அவ்வளவும் கிடைத்துவிடும். ஆதலின் உப்பின் அளவைக் குறைப்பதும், உண்ணும் சிறிதளவு உப்பு தரமுள்ளதாக இருக்குமாறு பார்த்துக்கொள்வதும் ஒருங்கே செய்யத்தக்கவை.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

1. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி உப்பைப் பிள்ளைகள் கொண்டுவரச் செய்க. சோதனைப் பெட்டியிலுள்ள கரைசலில் ஒரு துளியை அதன்மேல் இடுக. அயோடின் இருப்பின் நீல ஊதா நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிடுக. இது மதிப்பீடே, துல்லியமான அளவை ஆய்வுக்கூடத்தில்தான் பெற இயலும்.

2. உப்பை மூடியுள்ள கலத்தில், ஈரமும் வெயிலும் அடுப்பின் சூடும் படாத இடத்தில் வைக்கச் சொல்லுக.

3. கல்லுப்பை நீரில் அலசிப் பயன்படுத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. சேர்த்த அயோடின் கல்லின் மேற்புறத்தில் இருப்பதால் அலசும்போது அது நீங்கிவிடும் என்பதை விளக்குக. அயோடின் சேர்த்தது என்ற குறிப்புள்ள உப்பையே வாங்கச் சொல்லுக.

4. சமையல் முடியுந்தறுவாயில் உப்பிடுமாறு கூறுக.

5. கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளுக்கு முதலில் செல்லுக.

கழலை மிகுந்த ஊர்களில் அதனை நோயென்று எண்ணாது, இயற்கையென்றே மக்கள் கொள்வதுண்டு. பாட்டிக்கும் தாய்க்கும் இருந்தது மகளுக்கும் வந்தால் அது குலவழக்கம் போலத் தோன்றும். இவ்வெண்ணத்தை மாற்றுவது மருந்தை வழங்குவதினும் அரிய பணி. ஒரு துளிக் கரைசலில் தம் வீட்டு உப்பு நிறம் மாறுவதையோ மாறாதிருப்பதையோ தம் கண்ணாலேயே காணும் தாய்க்கு நீண்ட சொற்பொழிவு தேவைப்படாது.

பயிற்சி வினாக்கள்

1. வயிறார உண்பவருக்கும் கழலை வரக்கூடும் என்பது ஏன்?
2. காங்ரா ஆய்வில் வெறும் உப்பு வழங்கிய வட்டம் இல்லாதிருந்தால் என்ன ஐயம் எஞ்சியிருக்கும்?
3. நாளொன்றுக்கு 6 கிராம் உப்பு உண்ணும் ஒருவருக்கு, அவ்வுப்பிலிருந்தே 150 மைக்ரோகிராம் கிடைக்க, ஒரு கிராம் உப்பில் எவ்வளவு அயோடின் இருத்தல் வேண்டும்?
4. உங்கள் ஊர்க் கடைகளில் விற்கும் உப்பு வகைகளைச் சோதித்து ஒரு பட்டியல் எழுதுக.