சூடு எந்தப் பக்கம் போகும்?

பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், கொதிக்கிற தேத்தண்ணியைக் கோப்பைக்குக் கோப்பை மாற்றி ஆற்றிக் குடிக்கிறோம். அந்தச் சூடு எங்கே போனது? கோப்பைக்கும் காற்றுக்கும் போனது. சூடு எப்போதும் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். "குளிர் உள்ளே ஏறிட்டுது" என்று சொல்வோம். உண்மையில் குளிர் ஏறுவதில்லை. நம் உடம்புச் சூடுதான் வெளியே போகிறது.

ஒரு சின்னச் சோதனை. விடியற்காலையில் ஒரு காலைச் சிமெந்துத் தரையிலும் மற்றக் காலைச் சாக்கிலும் வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுவதும் ஒரே காம்பராவில் கிடந்ததால் இரண்டின் சூடும் ஒன்றுதான். ஆனாலும் சிமெந்துதான் அதிகம் குளிரும். அது காலின் சூட்டை வேகமாக இழுக்கிறது. சாக்கு மெதுவாக இழுக்கிறது. கம்பளியும் தானாகச் சூடு தராது. நம் சூட்டைப் போகவிடாமல் காக்கும்.

பச்சைப்பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்தப் பாடம் மிக முக்கியம். நுவரெலியாப் பக்கத்து மலைகளில் மார்கழி, தை ராத்திரிகளில் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. பிள்ளையின் உடம்போ 36.5 முதல் 37.5 பாகை வரை இருக்க வேண்டும். சின்ன உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும். நிறை குறைந்து பிறந்த பிள்ளைக்கு இது உயிர் ஆபத்து.

ஆகவே தாய்மாரே, கவனியுங்கள்:

1. பிள்ளையை வெறுந்தரையில், சுவரோரத்தில் கிடத்த வேண்டாம்.

2. நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். ஈரம் காயும்போது உடம்புச் சூட்டையும் கொண்டுபோகும். பிறந்து 24 மணித்தியாலத்துக்குக் குளிப்பாட்ட வேண்டாம். தலைக்குத் தொப்பி போடுங்கள்.

3. பிள்ளையை வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள். உங்கள் சூடு பிள்ளைக்குப் போகும். அப்பாமாரும் செய்யலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியுபேட்டர் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியர்கள் தொடங்கிய வழி இது.

4. சுடுதண்ணிப் போத்தலைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். விலகத் தெரியாத பிள்ளையின் தோல் வெந்துவிடும். காம்பராவுக்குள் தணல் வைத்துக் கதவை மூடுவதும் ஆபத்து.

வயிறும் பாதமும் தொட்டால் குளிர்ந்திருக்கிறதா? உடனே நெஞ்சோடு அணையுங்கள். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடுச்சாமம் ஆனாலும் தோட்டத்து லொறியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.