மெய்க்கீர்த்தியிற் கடற்படைத் தலைவன்

சென்ற விடுமுறையில் யாம் ஸ்ரீவில்லிபுத்தூரினின்றும் இராஜபாளையத்து நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் தம்பி கணினியில் ‘சிவிலிசேஷன் 6’ என்னும் விளையாட்டில் ஆழ்ந்திருந்தான். 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விளையாட்டில், பெருங்கடற்றலைவர் வரிசையில், ஆங்கிலேயரின் நெல்சன், கொரியரின் யி சுன்-சின் முதலாயினாருடன் நம் இராஜேந்திர சோழனும் வைக்கப்பெற்றுள்ளான். “அண்ணா, இவர் தாமே கப்பலேறிக் கடாரம் சென்றாரா?” என்று சிறுவன் வினவினான். தமிழையே சிறப்புப் பாடமாகப் பயிலும் யாம் விடையறியாது நாணினோம்.

கல்லூரிக்கு மீண்டதும் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் உள்ள மெய்க்கீர்த்தியை ஆராய்ந்தோம். மெய்க்கீர்த்தியாவது, அரசனுடைய வெற்றிகளை முறைப்படக் கூறிக் கல்வெட்டின் தொடக்கத்தே நிற்கும் செய்யுள். 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்போரில் கடாரத்தரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் அகப்பட்டமையும், அவன் பெருஞ்செல்வம் கவரப்பட்டமையும், ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம், மாநக்கவாரம் முதலிய இடங்கள் கொள்ளப்பட்டமையும் அதன்கண் காணப்படும். இவற்றுட் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவு.

ஆயின் கலங்களைப் பற்றி வரும் வினை ‘செலுத்தி’ என்பதே. ‘செல்’ தன்வினை, ‘செலுத்து’ பிறவினை. எனவே அரசன் கலங்களைப் போக்கினான் என்பதே பெறப்படும். தானும் உடன்சென்றான் என்பது அச்சொல்லாற் பெறப்படாது.

“கடாரங்கொண்டான் என்னும் பட்டமே சான்றாகாதோ?” எனின், ஆகாது. கங்கைகொண்டான் என்னும் பட்டமும் அவனுக்குண்டு. எனினும் கங்கைவரை சென்று வென்றவன் அவன் படைத்தலைவனே என்றும், அரசன் கோதாவரிக்கரையில் அவனை எதிர்கொண்டான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. வென்றவர் பலர், பட்டம் ஒருவர்க்கு.

மற்றொன்றும் கருதற்பாலது. இன்றைய இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய பாண்டிநாடு அந்நாளிற் சோழர்க்கு அடிப்பட்டிருந்தது; இராஜேந்திரன் தன் மகனைச் சோழபாண்டியன் என்னும் பெயரால் மதுரையில் அமர்த்தினான். ஆதலின் கடாரத்து வெற்றியை ‘நம் வெற்றி’ எனக் கொண்டாடும் யாம், வெல்லப்பட்டோர் நிலத்தில் நின்றே கொண்டாடுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

மீண்டும் சிறுவனைக் கண்டபோது, “படையை ஏவியவன் அவன், தானே சென்றதாக மெய்க்கீர்த்தி கூறவில்லை, கலஞ்செலுத்திய மாலுமிகளுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை” என்றோம். அவன் சற்றே சிந்தித்து, “அப்படியானால் அந்த மாலுமிகளை விளையாட்டில் எவ்வாறு வைப்பது?” என்றான்.

இவ்வினாவிற்கும் எம்மிடம் விடையில்லை. ஆயினும் இம்முறை யாம் நாணவில்லை. நூல் கூறுவதனோடு கூறாததனையும் நோக்கக் கற்றோம் என மகிழ்ந்தோம்.