பெயரும் பொருளும் எழுத்தும்

பெற்றோர் மகவுக்கு வழங்கும் முதற்கொடை பெயர். அதன் பொருளை ஆலிம்களிடம் கேட்டறிந்து சூட்டுவோர் பலர்; எழுத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரத்து முஸ்லிம் பெயர்களை முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

அரபுப் பெயர்கள் தமிழுக்கு வந்தபோது தமிழ் மரபை ஏற்றே வந்தன. வடசொல் தமிழெழுத்தோடு புணர்ந்து வழங்குமென்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. அந்நெறியை அரபுச் சொல்லுக்கும் நம் புலவர் விரித்தனர். ரகரம் மொழிக்கு முதலாகாமையின் ரசூல் 'இறசூல்' ஆயிற்று. வல்லினமெய் ஈற்றில் நில்லாமையின் முஹம்மத் 'முகம்மது' ஆயிற்று. உமர் 'உமறு' ஆனதும் அவ்வாறே. றகர மெய்யால் எழுதத் துணிந்தபின் உகரம் சேர்ந்தே தீரும். பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தம் பெயரிலேயே இவ்விதிக்குச் சான்று. அவரைப் புரந்த அபுல்காசிம் மரைக்காயர் நம் பரங்கிப்பேட்டையினர் என்பது இவ்வட்டாரத்தார் மறவாத செய்தி.

இம்மரபில் இழப்பும் உண்டு. அரபியின் காஃப், ஃகா, கடைநாக்கில் பிறக்கும் காஃப் ஆகிய மூன்றும் தமிழில் ஒரே ககரமாகின்றன. ஃகாவில் தொடங்கும் கலீல் 'நண்பன்'. கடைநாக்குக் காஃபில் தொடங்கும் கலீல் 'சொற்பம்'. கபீர் என்பதும் ஓரெழுத்தில் 'பெரியவன்', மற்றோரெழுத்தில் 'நன்கறிந்தவன்'. நெடிலும் காக்கத்தக்கது: ஜமால் அழகு, ஜமல் ஒட்டகம்! ஆங்கில எழுத்திலோ இரண்டும் ஒன்றே.

கொரியர் பெயரிலும் இத்தகு நிலை காணலாம். பெரும்பாலும் ஈரசையாய் அமையும் அவர்தம் இடுபெயரில் ஒலி ஒன்றாயினும், அதற்குத் தேர்ந்துகொள்ளும் சீன எழுத்து மாறினால் பொருள் மாறும். பெயரைக் கேட்டவுடன் பொருள் கூறல் அங்கும் அரிது.

மற்றொன்று, பெயரை முறித்தல். 'அப்து' என்பது அடியான். 'அப்துல்' என நிறுத்தினால் யாருடைய அடியான் என்பது விளங்காது. தொடர் முடியாமல் நிற்கும். 'ரஹ்மான்' என்று மட்டும் விளித்தலோ இறைவன் திருப்பெயரை மனிதர்க்காக்குவதாகும் என்று பெரியோர் தடுப்பர். இரண்டும் சேர்ந்ததே பெயர். அலுவலகப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் எனக் கட்டம் வகுத்து இதனை வெட்டிவிடுகின்றன. நம் மாணவர் சிலரும் 'அப்துல்' என்பதைத் தலைப்பெழுத்தாகச் சுருக்குகின்றனர்; தந்தை பெயரென்று பிறர் மயங்குவர்.

பெண்பாற் பெயர்களில் தமிழ் உரிமையோடு கலந்துள்ளது. பாத்திமாவோடு முத்துச் சேர்ந்த 'பாத்துமுத்து' என்பதை எந்த அரபு அகராதியும் அறியாது; நம் பாட்டிமார் அறிவர். இவ்வழகிய பெயர் அருகி வருவது எனக்கு வருத்தமே.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வெளிநாட்டுப் பணிக்குத் தேர்வானார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முகம்மது என்பதை ஆங்கிலத்தில் இரண்டு 'எம்' இட்டும், கடவுச்சீட்டில் ஒன்றே இட்டும் எழுதியிருந்தனர். இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என அலைந்து முடிப்பதற்குள் அப்பணி வேறொருவர்க்குப் போயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் முதல் வகுப்பிலேயே மாணவர் தத்தம் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதச் செய்து, சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெயரின் பொருளையும் கேட்பதுண்டு. வீட்டில் கேட்டு வருவதாகச் சொல்பவரே மிகுதி.