வாய் உடைந்த கத்திக்கு எந்தக் கல்?

கேள்வி: சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017-இல் மூடுவதற்கு முன்பு அப்பா அங்கே வாங்கிய சீனக் காய்கறிக் கத்தி எங்களிடம் இருக்கிறது. நண்டு உடைக்கப் போய், வாயில் மூன்று இடத்தில் பல் விழுந்துவிட்டது. ஒன்று 2 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1000 எண் கல்லில் எவ்வளவு தேய்த்தும் அசையவில்லை. ஊரிலிருந்து வந்த அரிவாள்மனையும் மழுங்கிக் கிடக்கிறது. முரட்டுக் கல் வாங்கலாமா, மோட்டார் சாணையில் கொடுத்துவிடலாமா?
— வாசகி, தோ பாயோ

பதில்: பள்ளத்தை நிரப்ப முடியாது. மற்ற இடமெல்லாம் 2 மில்லிமீட்டர் தேய்ந்தால்தான் அது மறையும். அவ்வளவு எஃகை 1000 கல்லால் எடுக்க முடியாது. அதன் மணி சுமார் 12 மைக்ரான்தான். 220 கல்லில் அது 60-ஐ ஒட்டி இருக்கும். உங்களுக்கு வேண்டியது 120 முதல் 220 வரை.

ஒரே ஒரு கத்திக்காக விலை உயர்ந்த வைரத் தகடு வேண்டாம். வேகமாகத்தான் அரிக்கும், ஆனால் அழுத்தித் தேய்த்தால் வைரத் துகள்கள் பெயர்ந்து, தகடு சீக்கிரம் சோர்ந்துவிடும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் சிலிக்கான் கார்பைடு கல் கேளுங்கள். அதுவும் வேண்டாமென்றால், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளில் 120 எண் வாங்கி, தட்டையான தரை ஓட்டுத் துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாளில் கத்தியை முதுகுப் பக்கமாகவே இழுக்க வேண்டும். வாய்ப் பக்கமாகத் தள்ளினால் தாள் கிழியும்.

முதலில் கத்தியை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, வாயைக் கல்லில் நேராகத் தேயுங்கள். கூர் மொத்தமும் போய், வாய் தட்டையாகப் பளபளக்கும். பயப்பட வேண்டாம். பெரிய பள்ளத்தின் அடி மட்டும் மயிரிழையாக மிஞ்சினால் அப்படியே விட்டுவிடலாம். காய்கறி நறுக்க அது இடைஞ்சலே இல்லை. வீணாக எஃகை இழப்பானேன்?

இனிமேல்தான் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். வாய் பின்னுக்குப் போனதால் கத்தியின் தடித்த பகுதி விளிம்புக்கு வந்துவிட்டது. இப்போதே கூர் ஏற்றினால் தாளை அழகாக வெட்டும். கேரட்டில் வைத்தால் ஆப்பு போலப் பிளக்கும். ஆகவே கத்தியை முதுகு கல்லைத் தொட்டும் தொடாமலும் சாய்த்து, இரண்டு பக்கமும் மெலிதாக்குங்கள். நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகும், முரட்டுக் கல் வாங்குவதே இதற்காகத்தான். கல் நடுவில் குழிந்துவிடும், அவ்வப்போது சமன்படுத்துங்கள். பிறகு 15 முதல் 20 டிகிரிச் சாய்வில் தேய்த்து, விளிம்பின் நீளம் முழுக்கப் பிசிறு எழுந்ததும் 1000 கல்லுக்கு மாறுங்கள். சமையலறைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

மோட்டார் சாணை எனக்குப் பிடிக்காது. கைதேர்ந்தவர் அடிக்கடி தண்ணீரில் முக்கிப் பிடித்தால் சரி. மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலம் பாரித்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. யாரிடமாவது கொடுக்கக் கொண்டுபோனால் நன்றாகச் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம்.

அரிவாள்மனை தனிக் கதை. அதன் வாய் உள்ளே வளைந்திருந்தால் தட்டைக் கல் ஒட்டாது. உப்புத்தாளைக் குழாய்த் துண்டில் சுற்றித் தேயுங்கள். அதற்கு முன் அரத்தால் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்: பற்றி அரிந்தால் இரும்பு மென்மையானது, அரமே போதும், வழுக்கினால் உப்புத்தாள்தான். தேய்த்த சேற்றைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய செய்தித்தாளில் வழித்துக் குப்பையில் போடுங்கள். வீவக வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால் கத்தி விலையைவிட அந்தச் செலவு கூடுதல்.