அக்குபஞ்சர் மருத்துவரிடம் போகிறீர்களா?

அக்குபஞ்சர் மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சிறுநீரகம் பலவீனமா இருக்கு" என்கிறார். கேட்டவர் அன்றைக்கே லேபுக்கு ஓடி கிரியேட்டினின் பார்க்கிறார். அளவு சரியாகவே இருக்கிறது. அக்குபஞ்சரே ஏமாற்று என்று முடிவுகட்டிவிடுகிறார். இன்னொருவர் இதற்கு நேர்மாறு. நாடி பார்த்தவர் "இருதயம் நல்லா இருக்கு" என்று சொன்ன தைரியத்தில், மாடி ஏறும்போது வரும் நெஞ்சு இறுக்கத்தை யாரிடமும் சொல்லாமல் நாளைக் கடத்துகிறார். இரண்டு பேரும் இடறுவது ஒரே இடத்தில்தான். சீன மருத்துவம் பேசும் சிறுநீரகமும் இருதயமும் ஸ்கேனில் தெரியும் உறுப்புகள் அல்ல.

அந்த மரபில் சிறுநீரகம் என்பது வளர்ச்சி, கருவுறுதல், எலும்பு, காது, மூப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கும் ஒரு பொறுப்பு. மண்ணீரல் செரிமானத்தையும் உடம்பின் தெம்பையும் பார்த்துக்கொள்கிறது. கல்லீரல், சக்தி தடையில்லாமல் ஓடுவதற்குக் காவல். கோபம் முதலில் தாக்குவது அதைத்தான். ஆகவே, இடுப்பு வலி, முழங்கால் அசதி, காதில் இரைச்சல், ராத்திரியில் அடிக்கடி சிறுநீர் என்று பல தொந்தரவுகள் ஒன்றுசேர்ந்து வரும்போது அந்தத் தொகுப்புக்கு வைக்கும் பெயர்தான் "சிறுநீரகம் பலவீனம்". ரத்தப் பரிசோதனையால் அதை உறுதிப்படுத்தவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது. அதேபோல, நாடியால் சர்க்கரையையோ புற்றுநோயையோ "இல்லை" என்று சொல்லவும் முடியாது.

நோயறிய அவர்களிடம் நான்கு வழிகள் உண்டு: பார்ப்பது, குரலையும் வாடையையும் கவனிப்பது, விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது. தொட்டுப் பார்ப்பதில் முக்கியம் நாடி. சித்த வைத்தியரும் மூன்று விரல் வைத்துத்தான் வாத, பித்த, கபம் பார்க்கிறார். சீன மருத்துவரின் கணக்கு வேறு. இடது மணிக்கட்டில் இருதயம், கல்லீரல், சிறுநீரகம். வலதில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். ஒவ்வோர் இடத்திலும் லேசாகவும் ஆழமாகவும் அழுத்திப் பார்ப்பார். 1564-இல் லி ஷிஜென் எழுதிய நாடி நூல் 27 வகை நாடிகளைப் பிரித்துச் சொல்கிறது. வில்லின் நாண்போல் விறைத்தது ஒன்று, தட்டில் உருளும் முத்துப்போல் வழுக்குவது ஒன்று, நூலாக மெலிந்தது ஒன்று. குறைந்தது 50 துடிப்பாவது பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. எனவே, கையைத் தொட்ட மாத்திரத்தில் நோயைச் சொல்லிவிடுகிறவரைப் பார்த்து வியக்க வேண்டாம். அவர் விதியை மீறுகிறார். விதிப்படி பார்த்தாலும், ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நாடி ஒன்றை மட்டும் நம்பிச் சிகிச்சை தொடங்குகிறவரிடம் கொஞ்சம் யோசித்தே போங்கள்.

நாக்கு, நம் கண்ணுக்கும் தெரியும் சாட்சி. நுனி இருதயத்துக்கும் நுரையீரலுக்கும், ஓரங்கள் கல்லீரலுக்கும், நடுப்பகுதி வயிற்றுக்கும் மண்ணீரலுக்கும், அடிநாக்கு சிறுநீரகத்துக்கும் என்று பிரிப்பார்கள். மெல்லிய வெள்ளைப் படிவு இயல்பு. கெட்டியான மஞ்சள் படிவு சூட்டின் அடையாளம். வெளிறி, உப்பி, ஓரத்தில் பல் தடம் பதிந்த நாக்கு மண்ணீரல் தளர்ச்சியின் அடையாளம். அதனால் பார்க்கப் போகும் நாளில் நாக்கை வழிக்காதீர்கள். காபியும் வெற்றிலையும் வேண்டாம். போனதும் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பையே மெதுவாக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிச் சேர்த்ததையெல்லாம் யின்–யாங், உள்–வெளி, குளிர்–சூடு, குறை–மிகை என்ற நான்கு ஜோடிகளில் வைத்து எடைபோடுவார். தலைவலியையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கிறது, கோபம் வந்தால் கூடுகிறது, நாக்கின் ஓரம் சிவந்திருக்கிறது, நாடி விறைத்திருக்கிறது. கல்லீரலின் யாங் மேலே ஏறிவிட்டது என்பார். பாதத்தில் தாய்ச்சுங், பிடரியில் ஃபெங்ச்சி என்ற புள்ளிகளில் ஊசி போடுவார். இன்னொருவருக்கு மந்தமான வலி, மாதவிலக்கு முடிந்ததும், உழைத்துக் களைத்ததும் வருகிறது, நாக்கு வெளிறியிருக்கிறது, நாடி மெலிந்திருக்கிறது. இது ரத்தக் குறை. முழங்காலுக்குக் கீழே உள்ள ஸூசன்லியில் ஊசி போட்டு உடம்பைத் தேற்றப் பார்ப்பார். வலி ஒன்று, வைத்தியம் இரண்டு. என்னைக் கேட்டால் இந்த மருத்துவத்தின் நிஜமான பலமே இங்கேதான் இருக்கிறது: ஆளை முழுக்கக் கேட்கிறார்கள். தூக்கம், பசி, வியர்வை, மலம், மனக்கஷ்டம் என்று ஒன்றுவிடாமல் கேட்கும் மருத்துவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

பலன் எவ்வளவு? நாள்பட்ட இடுப்பு வலியில் ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2007-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, முறையான ஊசி பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். மருந்தும் உடற்பயிற்சியும் மட்டும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். இடுப்பு வலிக்கு அக்குபஞ்சரை முயன்று பார்க்கலாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம். குறிப்பிட்ட புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் அல்ல. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதிலும், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள நெய்குவான் புள்ளி அறுவை சிகிச்சைக்குப் பிந்திய குமட்டலைக் குறைப்பதிலும் ஆதாரம் இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் இவற்றைக் குணமாக்கும் என்பதற்கு இல்லை. "மாத்திரையை நிறுத்துங்க, உடம்பே பார்த்துக்கும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சீனாவின் பாரம்பரிய மருத்துவமனைகளிலேயே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நாடியோடு சேர்ந்துதான் நடக்கின்றன. உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டே போங்கள். ஐந்தாறு சிட்டிங் ஆகியும் மாற்றம் தெரியவில்லையென்றால், இன்னும் எத்தனை என்று நேராகவே கேளுங்கள்.

மூலிகை கொடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க வைக்கும் ஒரு கிளினிக்கில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அதே சாயல் பெயர்கொண்ட ஆடுதீண்டாப்பாளை இனச் செடி மருந்தில் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. என்னென்ன சரக்கு சேர்ந்தது என்று எழுதாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக, உங்கள் கண்முன்னே உறை பிரிப்பதாக இருக்க வேண்டும். கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்து, பேஸ்மேக்கர் எதுவானாலும் முன்பே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். குத்திய இடத்தில் கனமாகவோ மதமதப்பாகவோ இருப்பது சாதாரணம், லேசாகக் கன்றிப்போவதும் அப்படித்தான். ஆனால் தோளிலோ மார்பிலோ மேல்முதுகிலோ ஊசி போட்ட சில மணி நேரத்தில் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், நுரையீரலில் துளை விழுந்திருக்கக்கூடும். உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், அக்குபஞ்சர் ஊசி போட்டதையும் போட்ட இடத்தையும் முதலில் சொல்லுங்கள்.