ஒரு புறநகர்ப் பள்ளியின் வரலாறு

கல்விச்சாலையொன்றின் பெருமையை அளக்கப் புகுவோர், அதனின்று வெளிப்போந்த பெரியோர்தம் பெயர்களை அடுக்குதல் வழக்கம். அவ்வளவுகோல் போதியதோ என்பதை, ஓர் அயல்நாட்டுப் பள்ளியின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், சிக்காகோ மாநகரின் மேற்றிசையை அடுத்து ஓக் பார்க் என்னும் புறநகர் உளது. அவ்வூருக்கும் அண்டையூராகிய ரிவர் பாரஸ்டுக்கும் பொதுவாயமைந்த உயர்நிலைப் பள்ளி, சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்டது. அதன் இப்போதைய கட்டடம் 1907-இல் திறக்கப்பெற்றது. பொதுப்பள்ளியாதலின், ஊரார் செலுத்தும் வரிப்பணமே அதற்குப் பெரும்பான்மையும் முதலாம். 'மேலானவை எவையோ அவை' என்னும் பொருளுடைய தொடரை அஃது தன் குறிக்கோளாகக் கொண்டுளது.

ஆங்கு மாணாக்கர் வாழ்க்கை வகுப்பறையோடு முடிவதன்று. 1910 முதல் 1912 வரை ராபர்ட் ஸப்கி என்பார் பயிற்றிய பந்தாட்டக் குழு நாடெங்கும் பெயர் பெற்றது. 'டிரபீஸ்' என்னும் செய்தித்தாளும் 'டாபுலா' என்னும் இலக்கிய இதழும் மாணாக்கராலேயே எழுதப்பட்டன. அவ்விரண்டிலும் எழுதிப் பழகிய ஓர் இளைஞர், 1917-இல் பள்ளிப் படிப்பை முடித்ததும், கல்லூரி செல்லாது, கன்ஸாஸ் நகரத்துப் பத்திரிகையொன்றில் நிருபராக அமர்ந்தார். 1954-இல் இலக்கியத்திற்கு நோபல் பரிசு பெற்ற எர்னஸ்ட் ஹெமிங்வே அவரே. நம் ஆண்டு மலருக்கு எழுத நாணும் மாணவர் இதனை உன்னுவாராக.

இம்மட்டில் நிறுத்துவோமாயின் வரலாற்றின் ஒரு பாதியையே கண்டவராவோம். ஹெமிங்வே பிறந்த அதே 1899-இல், அலபாமா மாகாணத்து மாண்ட்கமரியில் பர்ஸி ஜூலியன் என்னும் கறுப்பினச் சிறுவர் பிறந்தார். அந்நகரில் கறுப்பினப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு மேற் பயிலப் பொது உயர்நிலைப் பள்ளி இல்லை. அதனால் அவர் 1916-இல் இந்தியானா மாகாணத்து டிபா கல்லூரியை அடைந்தபோது, கல்லூரிப் பாடங்களோடு, விடுபட்ட பள்ளிப் பாடங்களையும் கூடவே கற்க வேண்டியவரானார். ஆயினும் 1920-இல் தம் வகுப்பில் முதல்வராய்த் தேறினார்; 1935-இல் கண்ணோய்க்கு மருந்தாகிய பைஸோஸ்டிக்மின் என்னும் பொருளைச் செயற்கை முறையில் ஆக்கிக் காட்டிப் புகழெய்தினார்.

அத்தகைய அறிஞர் 1950-இல் ஓக் பார்க்கில் வீடு வாங்கியபோது, அதற்குத் தீயிட முயன்றனர் சிலர்; 1951-இல் வெடியும் எறிந்தனர். ஊரில் நல்லோர் பலர் அவருக்குத் துணை நின்றனர். அவரும் ஊரைவிட்டகன்றாரல்லர். 1968-இல், வீடு விற்பதில் இனவேற்றுமை பாராட்டுதலைத் தடுக்கும் சட்டத்தை அவ்வூர் இயற்றிற்று. அதன்பின் பல இனத்துப் பிள்ளைகளும் அப்பள்ளியில் ஒருங்கு பயில்வாராயினர்.

எனினும், ஒரே கூரையின்கீழ் இருத்தல் ஒரே கல்வி பெறுதலாகாது. உயர்தர வகுப்புகளில் வெள்ளையர் மிகுதியும் கறுப்பினத்தார் குறைவுமாயிருந்த நிலையை, 2018-இல் வெளிவந்த 'அமெரிக்கா டு மீ' என்னும் செய்திப்படத் தொடர் அம்மாணாக்கரின் வாய்மொழியாலேயே உலகறியச் செய்தது.

ஆகவே, பள்ளியின் பெருமைக்கு அளவுகோல் வெளிப்போந்தார் பெயர் மட்டுமன்று. உட்புக இயலாது நின்றார் யாவர், உட்புகுந்தும் பின்தங்கினார் யாவர் என்பதும் உடன் வினவற்பாலது. மேலானவை யாவர்க்கும் எட்டும்போதன்றோ அக்குறிக்கோள் நிறைவெய்தும்? நம் கலாசாலையின் வரலாற்றை எழுதுங்காலும் இவ்வினாக்களை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.